கீழே கடை, மேலே வீடு

மந்தாரக்குப்பம் மெயின்ரோட்டில் விற்பனைக்கு வந்திருந்த அந்தக் கட்டடத்தை புவனா பார்ப்பது இது நான்காவது முறை. கீழே இரண்டு கடை, மேலே இரண்டு வீடு. பழைய கட்டடம்தான், ஆனால் டைல்ஸ், ஒயரிங், குழாய், பெயின்ட் எல்லாம் புதிது. சாலையைப் பார்த்த கடையின் முகப்பை டேப்பால் அளந்தாள். பத்தரை அடி. அத்தனை நீளத்துக்கு ஒரு போர்டு.

இப்போது இருக்கும் கம்பெனி குவார்ட்டர்ஸில் போர்டு மாட்ட முடியாது. ஐந்து வருடமாக அவள் பிளவுஸ் தைப்பது பிளாக்குக்கே தெரியும். வாசலில் மட்டும் ஓர் எழுத்து கிடையாது. அடுத்த மாதம் அப்பா சங்கரலிங்கம் மைன்ஸிலிருந்து ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இன்று அவர் சரி என்றால் இந்தக் கடை அவளுக்கு. இல்லையென்றால் ஐந்து மணிக்குக் குள்ளஞ்சாவடியிலிருந்து வரும் ஆட்களுக்கு.

கட்டடத்துக்காரர் சிவப்பிரகாசம் சாவியைக் கொடுத்து, "பொறுமையா பாத்துக்கினு இருங்க சார், அவங்கள இட்டுகினு வந்துடறேன்" என்று கிளம்பியிருந்தார்.

மாடிக்குப் போன அப்பா முகம் சுருங்கி இறங்கி வந்தார்.

"கிளம்பும்மா. இது வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"ஆறு குழாயையும் திறந்துட்டேன். சொட்டு வரல. மணி நாலரை ஆகப்போகுது. நம்ம பிளாக்ல நாலுக்கே கம்பெனி தண்ணி வந்துரும்."

"இங்க லேட்டா விடுவாங்களோ என்னவோ" என்றாள் புவனா. சொன்னதும் அவளுக்கே உறைத்தது. "அப்பா, இங்க யாரு தண்ணி விடுவா?"

மாடிப்படிக்கு அடியில் ஒரு சுவிட்ச் பெட்டி இருந்தது. பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"முப்பத்திரண்டு வருஷமா சுரங்கத்துத் தண்ணிய மோட்டார் போட்டு வெளியேத்துனது நீங்கதானே?"

"அது ஷிப்ட்ல. வூட்ல எவன் மோட்டார் போட்டான்?"

பச்சையை அழுத்தினார். மேல் தொட்டிக்கு ஏறும் குழாயில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஏர் இழுக்குது... இரு... ஏறிடுச்சு. புவனா, தொட்டுப் பாரேன், என்ன ஃபோர்ஸு!" அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. எத்தனை அடி போர்வெல், எந்த மோட்டார் என்று சொல்லிக்கொண்டே போனார்.

தண்ணீர் வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று குழாயைத் திறந்தே விடுவது பிளாக் பழக்கம். ஆறு குழாயும் திறந்தே கிடந்தது இருவருக்கும் நினைவில் இல்லை. சிவப்பிரகாசம் குள்ளஞ்சாவடி ஆட்கள் இரண்டு பேரோடு உள்ளே வந்தபோது தண்ணீர் படிப்படியாக இறங்கி அவர்களை எதிர்கொண்டது. அப்பா மேலே ஓடினார்.

வந்தவரில் ஒருவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, "மாடி ஒழுவுதா?" என்றார்.

"என்னா சார், அட்வான்ஸ் குடுக்காமயே வூட்டக் கழுவுறீங்க?" என்று சிவப்பிரகாசம் மேலே பார்த்துக் கேட்டார்.

முழங்கால்வரை நனைந்த அப்பா படியில் தோன்றினார். "குடிவர்றவங்க கழுவித்தானே ஆகணும்? அட்வான்ஸ இப்பவே வாங்கிக்குங்க." வந்தவர்கள் பக்கம் திரும்பி, "சார், உங்கள அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

ஈரக் காலோடு கடைமுன் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

"போர்டு எத்தனை அடின்ன?"

"பத்தரைப்பா."

"இழுத்துப் பிடி. பதினொண்ணு வரும்."