மஞ்சள் வில்லை மாடுகள்

பதினாறாம் எண் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்த துஷ்யந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் அந்த வாலடியில் மட்டும் நாற்பது உண்ணி. இன்று மூன்று. அந்த மாட்டுக்கு அவள் ஊற்றியதோ வெறும் தண்ணீர்.

துஷ்யந்தி கால்நடை மருத்துவர். உண்ணி மருந்துகளைச் சோதித்துப் பார்க்க, ராசா நகரிலிருந்து கோலா பிலா ஊருக்கு அப்பாலுள்ள, எண்ணெய் எடுக்கும் இந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு ஐந்து வாரமாக அலைகிறாள். முப்பது மாடுகளின் காதிலும் பத்துப் பத்தாக மூன்று நிற வில்லை மாட்டியிருந்தாள். சிவப்புக்கு எல்லாரும் அடிக்கும் பழைய மருந்து. நீலத்துக்கு முதுகில் ஊற்றும் புது மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க மஞ்சளுக்குத் தண்ணீர். முதல் இரண்டு வாரத்தை மழை கெடுத்தது. மறுபடி தொடங்கினாள். இப்போது இப்படி.

மாட்டுக்காரி மயிலம்மாள் உரம் போடும் வேலை முடிந்து வந்தாள்.

“அக்கா, மஞ்ச வில்லை மாட்டுக்கு ஏதாச்சும் போட்டீங்களா?”

“போட்டேன்லா. நீல மாட்டு மருந்து கொட்டாயில மிச்சம் இருந்துச்சி. ஒம்போதுக்கும் ஊத்திட்டேன்.”

“ஐயோ, தொடாதீங்கன்னு சொன்னேனே! அஞ்சு வாரமும் வீணாப் போச்சே!” என்று கத்தியவள் சட்டென நின்றாள். “ஒம்போதா? மஞ்சள் பத்தாச்சே?”

“செவ்வாக்கெழம ஒன்னு செத்துச்சி. சென மாடு. உண்ணிக் காய்ச்சல்ல ரத்தமா மூத்திரம் போயி, எழுந்திரிக்கவே இல்ல. நீங்க ஊத்துனதுல வாடையே இல்லையே டாக்டரம்மா. வெறுந்தண்ணின்னு ஏன் சொல்லல?”

மூன்றும் மூன்று வகை மருந்து என்றுதான் துஷ்யந்தி முதல் நாள் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் மயிலம்மாள் மாட்டைத் தரமாட்டாள் என்ற பயம். எரிச்சல் அடங்கவில்லை, ஆனால் அதை இனி யார்மேல் காட்டுவது?

“தப்பு என்மேலதான் அக்கா,” என்றாள் கடைசியில். மஞ்சள் மாடுகளின் தாளைக் குறுக்கே அடித்து, சோதனை கெட்டது என்று காரணத்தோடு எழுதினாள். சிவப்பின் தாள் மட்டும் தெளிவாக இருந்தது: இரண்டு முறை அடித்தும் உண்ணி குறையவில்லை.

“அந்தப் பழைய மருந்து இனிமே வேணாம். உண்ணிக்குப் பழகிப்போச்சு.”

“அத மூணு வருசமா கால்நடை ஆபீஸ்ல போயி சொல்றேன். யாரு கேட்டா?”

துஷ்யந்தி வண்டியிலிருந்து புது மருந்தை எடுத்துவந்து, சிவப்பு மாடுகளின் முதுகிலும் ஒவ்வொன்றாக ஊற்றினாள். மயிலம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பத்தாவது மாட்டுக்கும் ஊற்றி முடித்தபோது, சோதனை என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை.