மரண அறிவிப்பு ஓடாத டிவி

குமாரதாஸின் தென்குமரி டிவியில் திரைக்கு அடியில் மரண அறிவிப்பு ஓடாத நேரமே கிடையாது. இன்னார் காலமானார், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் தகனம். நாகர்கோவில் வட்டாரத்துச் சனம் காலைக் காப்பியோடு அதைப் பார்த்துவிட்டுத்தான் துஷ்டி வீட்டுக்குக் கிளம்பும்.

அப்படிப்பட்ட சேனலுக்கு பெங்களூரிலிருந்து மருமகன் ஹரிகுமார் சி.இ.ஓ.வாக வந்து இறங்கினான். இன்னோவேஷன் என்ற சொல் இல்லாமல் அவனால் ஒரு டீ கூடச் சொல்ல முடியாது. செய்தி வாசித்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஒரு முகத்தை வாசிக்க வைத்தான். அது விபத்துச் செய்தியையும் சிரித்துக்கொண்டே படித்தது. தலைமைப் பண்பு பற்றி வாரம் ஒரு நிகழ்ச்சி. எவரைப் பேட்டிக்கு அழைத்தாலும் பேசுவது அவன்தான். கடைசியில் மரண அறிவிப்பில் கை வைத்து, அதையும் நிறுத்தினான். வளர்கிற கம்பெனிக்குப் பிணவாடை ஆகாதாம். மீட்டிங்கில் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கக்கூடியவர்களை அவன் முன்பே வெளியே அனுப்பியிருந்தான்.

குமாரதாஸும் மருமகனின் இங்கிலீஷில் மயங்கித் தலையாட்டினார். ஓணம் கழிந்ததும் சேனலை அவன் பேருக்கே மாற்றிவிடுவதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லியும் வைத்தார். ஹரிகுமார் அந்த நாளுக்காகத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான்.

ஓணத்துக்கு முன்பே, தோவாளை வீட்டில் குமாரதாஸின் தாயார் அழகியநாயகி விடியற்காலையில் இறந்துபோனார். மஸ்கட்டிலிருந்து இறந்தவரின் மகள் வரவேண்டும் என்று தகனத்தை மறுநாளைக்கு வைத்தார்கள். அறிவிப்பு தன் பொறுப்பு என்றான் ஹரிகுமார். காலை முழுக்கத் தென்குமரி டிவியில் அழகியநாயகியின் படத்தைச் சுற்றி வெள்ளைப் புறாக்கள் பறந்தன, வயலின் அழுதது, கம்ப்யூட்டர் முகம் சிரித்துக்கொண்டே சாவைச் சொன்னது.

மத்தியானம் வரை பந்தலில் பக்கத்து வீட்டாரைத் தவிர ஒருவரும் இல்லை. துஷ்டி வீட்டில் ஆள் கூடாதது இங்கே சாவை விடப் பெரிய கேவலம். மரண அறிவிப்பைத் தேடி சனம் எப்போதோ அதே ஊரில் போட்டிக்கு நடந்த செல்வதாஸின் சேனலுக்குப் போய்விட்டிருந்தது. யூடியூபில் வியூஸ் ஏறுகிறது என்று ஹரிகுமார் மாமனாரிடம் போனை நீட்டினான். அவர் அதைப் பார்க்கவில்லை. தாயாரின் படத்தை அவன் கையில் கொடுத்து, செல்வதாஸின் ஆபீசுக்குப் போகச் சொன்னார்.

செல்வதாஸ் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்றுதான் படத்தை வாங்கினார்.

"உங்க டிவியில போட்டியளா?"

"போட்டாச்சு."

"பின்னே?"

சி.இ.ஓ. பர்ஸை எடுத்தான். செல்வதாஸ் காசு வேண்டாம் என்றுவிட்டார். ஹரிகுமாருக்கு அதுதான் அதிகம் எரிந்தது.

சாயங்காலம் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. முட்டத்திலிருந்துகூட ஆள் வந்தது. ஒருவர் குமாரதாஸின் கையைப் பிடித்து, செல்வதாஸ் டிவியில் பார்த்துத்தான் ஓடிவந்ததாகச் சொன்னார். சொந்த சேனலை விற்றுவிட்டீர்களா என்று துக்கம் விசாரிக்கிற அதே குரலில் கேட்டார். குமாரதாஸ் பந்தலைப் பார்த்தார். பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மருமகனைக் கூப்பிட்டார்.

"மாப்பிளே, ஆபீஸ் கசேரிய நாளையிலேருந்து நான் பாத்துக்கிடுதேன். இப்பம் வந்தவியளுக்குக் கசேரி எடுத்துப் போடும்."

வாடகை வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, ஹரிகுமார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டான்.