நனைத்துச் சுரண்டவும்

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. தண்டையார்பேட்டையில் ஏறிய ஒருவர், பெயிண்ட் சுரண்டுவதில் தங்கையோடு வந்த தகராறைப் பாரிமுனை வரை பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நான் கட்டினேன். அவருக்குத் தேவப்பிரியம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘உப்புக் காற்று வீசிய அந்தக் காலைப்பொழுதில் திருவொற்றியூர்…’ வேண்டாம்.

2

1971. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். பராமரிப்பு வேலைகளுக்குத் தேவப்பிரியம்தான் சூபர்வைசர். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கிறது, அந்தத் தூள் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்று கம்பெனி டாக்டர் சொல்ல, விதி வந்தது: நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், வீட்டைக் கழுவி முடிக்கும்வரை குழந்தைகள் உள்ளே இருக்கக் கூடாது. (டாக்டருக்கு ஒரு பக்கம் வசனம் எழுதியிருந்தேன். கதை நின்றுபோனது, எடுத்துவிட்டேன்.)

அன்று வேலை, தங்கை ஃப்ளோராவின் வீட்டில். அவள் கணவன் அங்கே ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம், அதற்குள் பெயிண்ட் வேலை முடிய வேண்டும். பெயிண்டர் கிருஷ்ணப்பன் ஜன்னலைக் காய்ந்தபடியே சுரண்டிக்கொண்டிருந்தார். தொட்டில் துணியில் பச்சைத் தூள்.

“இன்னா கிருஷ்ணப்பா, தண்ணி எங்க?”

“உங்க தங்கச்சிதான் சீக்கிரம் முடின்னுச்சு, சார். நனைச்சா, காயாம பெயிண்ட் அடிக்க முடியாதே.”

தேவப்பிரியம் வேலையை நிறுத்தினார். “ஃப்ளோரா, புள்ளைய தூக்கினு என் வூட்டுக்குப் போ.”

“உன் வூட்டுக்கா? அம்மா சாவுல அண்ணி என்னைப் பேசுன பேச்சு மறந்துடுச்சா? அன்னையிலேர்ந்து அவங்களாண்ட பேசறதில்ல. இந்த ஒரு வூட்ட வுட்டுடுண்ணா.”

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. தங்கைக்காக ஒருநாள் கண்டும் காணாமல் இருக்க மாட்டாரா? இருந்ததாக எழுதிப் பார்த்தேன். குழந்தை தொட்டில் துணியைச் சப்பத் தொடங்கியது. தேவப்பிரியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு —

முடியவில்லை.

3

“ஊரான் புள்ளைங்கள எல்லாம் வெளிய அனுப்பினேன். நம்ம புள்ள மட்டும் இன்னா, இரும்புலயா செஞ்சிக்கீது?” என்றார்.

ஃப்ளோரா குழந்தையைத் துடைத்து, சட்டை மாற்றித் தூக்கிக்கொண்டாள். கிருஷ்ணப்பன் வாளியை எடுக்கப் போனார்.

கல்மண்டபம் பகுதியில் அண்ணன் வீட்டு வாசல். கதவைத் திறந்தவள் அண்ணி ஞானம்.

ஞானம் கையை நீட்டிக் குழந்தையை வாங்குவதாக ஒரு முடிவு எழுதினேன், தித்திப்பு ஜாஸ்தி. கதவைச் சாத்துவதாக இன்னொன்று. வாய்தான் பொல்லாதது, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்றாவதில், “இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிற?” என்கிறாள். யாரிடம்? நாத்தனாரிடமா, குழந்தையிடமா? எனக்கே பிடிபடவில்லை.

ஃப்ளோரா உள்ளே போகலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். குழந்தை கனக்கிறது.