பதினேழால் வகுபடும் எண்

எங்கள் பள்ளியில் என் கணவருக்குப் ‘பகா வாத்தியார்’ என்று பெயர். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்போம். அந்த எண்கள் மேல் அவருக்கு அப்படியொரு பித்து. நானும் அங்கேதான் கணக்கு டீச்சர். துறைத் தலைவர் பதவிக்காகத் தேர்வுக்குழு முன்னால் அவர் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை கைநழுவிப் போன பதவி.

முந்தின நாள் ஆசிரியர் அறைப் பலகையில் 31, 331, 3331 என்று மூன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போனார். 33333331 வரை ஏழும் பகா எண்கள்தான். அடுத்தது 333333331. அதையும் பகா எண் என்று எழுதிவிட்டு, இது முடிவே இல்லாமல் போகும் என்றார்.

“எட்டாவதைச் சரிபாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“பதிமூணு வரைக்கும் வகுத்துப் பாத்தேன், போகல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நான் ஏழு சோறு பாத்தாச்சு.” மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “நான் பூட்டின கதவையே மறுபடி இழுத்துப் பாக்குறவ இவ.” அறையே சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பாடவேளை எனக்கு ஓய்வு. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். பதின்மூன்றுக்கு அடுத்த பகா எண் பதினேழு. வகுத்தேன். 19607843 வந்தது, மீதி இல்லை. எழுந்து போய்ச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன், பட்டே தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். பாவி, அன்றைக்குத் தூக்கமும் வந்தது.

மறுநாள் வகுப்பு பிரமாதமாகப் போனது, அந்த எண் வரும்வரை. தேர்வுக்குழுவில் இருந்த ஓர் அம்மா கால்குலேட்டரைத் தட்டினார்.

“சார், இது பதினேழால போகுதே?”

அவர் பலகையிலேயே வகுத்தார். மீதி பூஜ்யம் வந்தது கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

“உங்க துறையில யாருமே சரிபாக்கலையா?”

“என் மனைவி பாக்கச் சொன்னாங்க மேடம். நான்தான் கேலி பண்ணி உக்கார வெச்சுட்டேன். தப்பு என்னுது. உண்மையா சொன்னா, இந்தப் பதவிக்கு அவங்கள மாதிரி ஆள்தான் சரி.”

குழுவினர் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதற்குக் கூசிப்போனேன்.

வெளியே குழாயடியில் அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். போகுது விடு, மூஞ்சியத் தொங்கப் போடாத” என்றார். பதவியை இழந்தவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

“பதினேழுன்னு எனக்கு நேத்தே தெரியுங்க. வேணும்னேதான் சொல்லல.”

குழாயை மூடினார்.

“காலைல வாசல்ல நின்னு, காலரைச் சரிபண்ணிவிட்டு, ‘நல்லா பண்ணுங்க’ன்னு சொன்னியே...”

“ஆமா.”

“அப்பவுமா தெரியும்?”

“தெரியும்.”