லவினா கொடுத்த முறைப்பாடு

17 ஜூன் 2025, செவ்வாய்

இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். தங்கை லவினாவின் பள்ளிக்கூடத்துக்குச் சல்வார் போட்டுக்கொண்டு போய்விட்டேன். பெற்றோராக உள்ளே போகும் பெண்கள் சேலை உடுத்திருக்க வேண்டும். எனக்கு இது தெரியாததல்ல, நானும் அங்கேதான் படித்தேன். அம்மாவுக்குத்தானே அந்தச் சட்டம், அக்காவுக்கு இருக்காது என்று நானாக முடிவுசெய்துவிட்டேன்.

அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மட்டக்குளியில் மீன் வெட்டிப் பொதிசெய்யும் ஃபெக்டரியில் வேலை.

வாசல் டியூட்டியைப் பெற்றோர்தான் முறைவைத்துச் செய்கிறார்கள். இன்று இருந்தவர் யாரோ ஒரு மாணவியின் தாய். உள்ளே விட முடியாது என்றவர், கோபப்படாமல் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, விஷயத்தைச் சொன்னால் பொறுப்பான மிஸ்ஸிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்தக் கனிவே எனக்குப் போதுமாயிருந்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். லவினா வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகள் டையைத் தூக்கி மூக்கைப் பொத்துகிறார்கள். "மாலு லொறி வருது", மீன் லொறி வருகிறதாம், என்று சிங்களத்தையும் தமிழையும் கலந்து கத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை கருவாடு ஊறிய தண்ணீரை அவளுடைய வெள்ளைச் சீருடையில் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியவள் அவளோடு தரம் பத்தில் படிக்கும் மாணவத் தலைவி டில்ஷானி. சட்டையைத் தோய்க்கும்போது நான் கண்டுபிடித்ததால்தான் லவினா வாயைத் திறந்தாள்.

"டில்ஷானியா? வடிவாத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன். நாளை காலை சேலையோடு வரச் சொன்னார்.

மாலையில் வெள்ளவத்தைக்கு, கணக்கியல் வகுப்புக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து லவினாவுக்கு ஃபோன் எடுத்தேன். அந்தத் தாய் எப்படி இருந்தார் என்று கேட்டாள். நாடியில் பெரிய மச்சம் என்றேன்.

"அது டில்ஷானியின்ட அம்மா, அக்கா."

அதோடு ஃபோனை வைத்துவிட்டாள். வகுப்பில் கணக்கியல் சேர் பலகையில் எழுதிப்போட்டதை இரண்டு தரம் பிழையாகப் பார்த்து எழுதினேன்.

18 ஜூன் 2025, புதன்

சேலை உடுத்துப் போனேன். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான நேசம் மிஸ்ஸின் அறையில் மிஸிஸ் சிவானந்தன், அந்த வாசல் டியூட்டித் தாய், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். டில்ஷானியும் லவினாவும் சுவரோடு நின்றார்கள். நானும் நின்றேன்.

விசாரணை நேற்றே முடிந்துவிட்டதாம். மிஸ் வகுப்புக்குப் போய், கருவாட்டுத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருத்தரும் உயர்த்தவில்லை. அப்போது டில்ஷானி எங்கே நின்றாள் என்று கேட்டேன். மாணவத் தலைவி எங்கே நிற்பாள், மிஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லுங்க ரொஷேல். அம்மா வேலையால வந்து எங்க குளிக்கிற?"

"பொதுக் குழாயில, மிஸ்."

"உடுப்புத் தோய்க்கிறதும் ஒரே வாளியிலயா?"

"ஓம் மிஸ்."

கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். டில்ஷானி உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். லவினா என்னைப் பார்த்தாள்.

"அப்ப, மூக்கைப் பொத்தின பிள்ளைகளில முழுப் பிழையும் சொல்லேலாதுதானே" என்றார் மிஸ்.

இரண்டு பேரையும் கைகொடுக்கச் சொன்னார். டில்ஷானி "சொறி" என்று அழகாகச் சொன்னாள். கொடுத்த கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். மிஸ் அதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாக எழுத முடியவில்லை.

கடைசியாக ஓர் ஏற்பாடு சொன்னார். நகமும் தலைமயிரும் பார்ப்பது மாணவத் தலைவிகளின் வேலை. அதோடு இனி லவினாவின் கொலரையும் கையையும் டில்ஷானி தினமும் காலையில் முகர்ந்து பார்ப்பாள். மணமில்லை என்றால் வகுப்புக்குப் போகலாம். இருந்தால் அன்று முழுக்க நூலகத்தில் இருக்க வேண்டும். இது தண்டனையில்லை, பாதுகாப்பு என்று விளக்கினார். டில்ஷானியே பார்த்து அனுப்பிய பிள்ளையை வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

"பாவம் என்ட மகள், காலங்காத்தால இதையும் செய்யோணும்" என்று மிஸிஸ் சிவானந்தன் சிரித்தார்.

விருப்பமில்லை என்றால் விடுகைப் பத்திரம் தரலாம், அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும் என்று நீங்களே பாருங்கள் என்றார் மிஸ். லவினாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சரி மிஸ், நன்றி மிஸ் என்றேன்.

வெளியே வந்ததும் லவினா மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான் உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான்."

மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுடைய வகுப்புப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வேறு எதற்காகவும் இருக்கலாம்.

பின்னேரம் அம்மா வந்ததும், எல்லாம் தீர்ந்துவிட்டது, டில்ஷானி மன்னிப்புக் கேட்டாள் என்று சொன்னேன். இரண்டும் பொய்யில்லை. மிஸ் நன்றாகக் கதைத்தாரா என்று அம்மா கேட்டார். ஓம் என்றேன்.

"முறையாப் போய்ச் சொன்னா செய்வாங்கதானே" என்று அம்மா சந்தோஷப்பட்டார். நேசம் மிஸ்ஸுக்குக் கொடுக்க நல்ல இறால் கொஞ்சம் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்று லவினாதான் சொன்னாள். பிறகு தன் சீருடையைத் தனி வாளியில் ஊறவைத்தாள். நான் உதவிக்குப் போனபோது வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொலரைத் தோய்த்து, முகர்ந்து பார்த்து, மறுபடி தோய்த்தாள். தனக்கு மணம் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறதா என்று ஒருதரம் நீட்டினாள். சவர்க்கார மணம்தான் என்று சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. மறுபடி தோய்த்தாள்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்தேன். சில பதில்கள் வந்தன. அந்த அறையில் அவற்றில் ஒன்றையாவது சொல்லியிருப்பேனா என்பது தெரியவில்லை.

நாளை: முதல் மணிக்கு முன் லவினாவைக் கூட்டிக்கொண்டுபோய் மாணவத் தலைவிகளின் அறையில் விடவேண்டும்.