ஒன்பதாம் காற்றாலையின் உறுமல்

பிப்ரவரி 11, செவ்வாய். நேற்று மாலை ஒலிமானியின் மைக்குக்குப் பஞ்சு உறை மாட்ட மறந்துவிட்டேன். காற்று நேராக மைக்கில் அறைந்த சத்தத்தையும் சேர்த்து 52 டெசிபல் என்று எழுதிக் கொடுத்தேன். உறை என் பையிலேயே கிடந்தது. இன்று மதியம்தான் பார்த்தேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்பதாம் காற்றாலையின் உச்சியிலிருந்து ஆறு வருடத்துக்கு முன் தவறி விழுந்த ஃபிட்டர் தரைக்கு வந்து சேரவில்லை. இறக்கைகளுக்கு முன்னால், பாதி உயரத்தில், ஒரு கையை நீட்டியபடி நின்றுவிட்டார். ஏணி எட்டவில்லை. கிரேன் வந்த அன்று காற்று அதிகம். அடுத்த வாரம் கிரேனுக்கு வேறு இடத்தில் வேலை. அதற்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது. நிறுவனம் அவரை விடுப்பில் காட்டியது. காற்று ஓய்ந்த நாட்களிலும் அந்த ஆலை மட்டும் நிற்காமல் மெல்லச் சுற்றியது. இரண்டு மாதம் கழித்துப் பிறந்த மகள், பேசக் கற்றதும் அவருக்குக் கை காட்டவும் கற்றாள்.

சீரான காற்றை வெட்டும் இறக்கை முனகும், கலங்கிய காற்றை வெட்டினால் உறுமும் என்று மாலை வகுப்பில் குறித்திருக்கிறேன். ஒன்பதுக்கு வரும் காற்று முதலில் அவர்மேல் மோதி, கிழிந்து, சுழித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு இறக்கையும் கீழே வரும்போது அந்தச் சுழலுக்குள் விழுந்து உறுமிவிட்டு மேலேறும். குழந்தை அதைக் கேட்டுத்தான் தூங்கும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தூங்கமாட்டார்.

"செத்தவருக்காக இருக்கறவன் முழிச்சுக் கெடக்கணுமா?" என்றார் நேற்று, அவர் வாசலில் நான் அளந்துகொண்டிருந்தபோது.

"வாயக் கழுவுங்கண்ணே. வீட்ல இருந்தப்பவும் இதே கொறட்டதான். நான் பொறுத்துக்கல?" என்றாள் ஃபிட்டரின் மனைவி. பிறகு என்னிடம், "தங்கச்சி, நம்பரப் பாத்துப் போடு. அது நின்னா அவரு விழுந்துருவாரு."

வீட்டு வாசலில் ஐம்பது டெசிபலைத் தாண்டினால் ஆலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. எனக்கு முன் அளந்தவர்கள் எல்லாரும் 48, 49 என்றே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் உறை மாட்டியிருப்பார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு நிறுத்தினார்கள். மூன்று இறக்கைகளும் அசைவற்று நின்றதும், மிச்சமிருந்த தூரத்தை அவர் மற்றவர்கள் விழும் வேகத்திலேயே விழுந்து முடித்தார். இறந்த தேதி எது என்று பதிவு எழுத்தர் யோசித்துவிட்டு, இரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டார். மதியம் சோதனைக்காக ஆலையைத் திரும்ப ஓட்டினார்கள். மற்றவை போலவே முனகியது. தையல்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். குழந்தை மட்டும் கண்ணை மூடவில்லை, "அப்பா ஏம்மா சும்மா இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா, ஆறு வருடமாக அடைத்துவைத்திருந்த அவருடைய செருப்புப் பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தாள். உறை என் பையில்தான் இருந்தது.

நாளை: எட்டு மணிக்கு அடக்கம். அது முடிந்ததும் உறையை மாட்டி அதே வாசலில் மறுபடி அளக்க வேண்டும். அதற்கு முன், 52 தவறு என்று ஃபிட்டரின் மனைவியிடம் சொல்ல வேண்டும்.