மாவு ஆகும், கை ஆகாது

ரேஷம் கௌர் மாவில் கை வைத்ததுதான் தாமதம், மொஹிந்தர் கௌர் வந்து தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குருத்வாராக் கமிட்டித் தலைவர் தர்பாரா சிங்கின் மனைவி அவள். பாத்திரம் கழுவும் பக்கம் போகச் சொன்னாள், ரொட்டி போட இங்கே ஆள் இருக்கிறது என்றாள். ஆளாவது ஒன்றாவது! ஊரே சாப்பிட வரும் நாளில் அடுப்பைச் சுற்றி நாலு பெண்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று குருத்வாராவில் ஊருக்கே போடும் லங்கர் சாப்பாடு ரேஷமுடையது. புருஷன் பக்தாவர் செத்து ஒரு வருஷம். அவன் பெயரில் ஊர் சாப்பிட வேண்டும், அந்த ரொட்டியைத் தன் கையால் சுட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நாற்று நட்ட கூலியில் கோதுமையும் பருப்பும் நெய்யும் வாங்கியிருந்தாள். பக்தாவர் வாழ்நாளெல்லாம் உழுதது தர்பாரா சிங்கின் நிலத்தை. அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு தம்ளர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். பஞ்சாபில் குருவின் பெயரைச் சொல்லாத வாய் இல்லை, அந்தத் தம்ளர் இல்லாத கொட்டகையும் அதிகமில்லை.

ரேஷம் நேரே வாசலுக்குப் போனாள். தர்பாரா சிங் அங்கே வருகிறவர்களின் செருப்புகளைத் துண்டால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சேவையில் அவருக்கு ஊரில் பெரிய பேர்.

"சர்தார்ஜி, என் மாவு ஆகும், என் கை ஆகாதா?"

அவர் நிமிரவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல பீபி. பழைய ஆளுங்க சில பேரு சாப்பிடாம எழுந்து போயிடுவாங்க. உன் புருஷன் பேர்ல போடுற சாப்பாடு வீணாகலாமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உன் நல்லதுக்கு! இந்த உலகத்தில் பாதி அயோக்கியத்தனம் இந்த ஒரு வார்த்தையைப் போர்த்திக்கொண்டுதான் நடமாடுகிறது. ரேஷமுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. உள்ளே போய்ச் சபையில் உட்கார்ந்தாள்.

போன வைசாகித் திருநாளுக்கு அவளும் தர்பாரா சிங்கும் ஒரே நாளில் அமிர்தம் குடித்துத் தீட்சை பெற்றவர்கள். மிச்ச அமிர்தத்தை ஒரே இரும்புக் கிண்ணத்திலிருந்து வரிசையாக வாய் வைத்துக் குடித்தார்கள். இன்று முதல் உங்கள் எல்லோருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, பழைய சாதி போயிற்று என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குடித்தவர் நெறி தவறினால் சபை முன் தானே எழுந்து நின்று சொல்லி, கொடுக்கிற தண்டனையை ஏற்க வேண்டும்.

பிரார்த்தனை முடிந்தது. ரேஷம் கைகூப்பி எழுந்தாள்.

"சபை முன்னாடி என் தப்பைச் சொல்றேன். வைசாகி அன்னைக்கு நான் வாய் வெச்ச கிண்ணத்தைத்தான் தர்பாரா சிங் அண்ணன் வாங்கிக் குடிச்சாரு. இன்னைக்கு என் கை பட்ட ரொட்டி ஆகாதுங்கறாரு. அப்ப என் எச்சில் பட்டு அவரோட அமிர்தம் கெட்டுப்போச்சு. தண்டனை குடுங்க, ஏத்துக்கறேன். கெடலைன்னா, அந்த மாவுத் தாம்பாளத்தைக் குடுங்க."

சர்தார்ஜி என்றே பழகிய வாயிலிருந்து அண்ணன் வந்ததும் சபை திடுக்கிட்டது. தர்பாரா சிங் தாடியைத் தடவியபடி தரையைப் பார்த்தார். எல்லோர் கண்ணும் வேதம் வாசிக்கும் கிரந்தி நிஹால் சிங் மேல் போயிற்று. அவருக்குச் சம்பளம் கொடுப்பது கமிட்டி. மனுஷன் வேதப்புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் மேல தப்பு இல்ல பீபி. போய் ரொட்டி போடு," என்றார்.

முணுமுணுத்தபடி இரண்டு கிழவர்கள் எழுந்து போனார்கள். மற்றவர்கள் சாக்கு விரிப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரேஷமே சுட்டாள், ரேஷமே கூடையைத் தூக்கி வந்து பரிமாறினாள். லங்கரில் ரொட்டியை இரு கையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். தர்பாரா சிங்கின் கைகள் மடியிலேயே கிடந்தன. அவள் நகரவில்லை. அவருக்கு அப்பால் வரிசை முழுக்கக் காத்திருந்தது.

"கையை நீட்டுங்க அண்ணே. பருப்பு ஆறுது."

கைகள் மெல்ல எழுந்தன. ரொட்டியைப் போட்டாள். அவர் பிய்த்து வாயில் வைக்கும் வரை நின்று பார்த்தாள்.

ஜெயித்துவிட்டாய் என்று பக்கத்தில் ஒருத்தி கிசுகிசுத்தாள். ரேஷமுக்கு ஆத்திரம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. பாவிகளா, ஒரு ரொட்டிக்கு உங்களைக் கையேந்த வைக்க என் பக்தாவர் சாக வேண்டியிருந்ததே.